ஏலமும் நம் சங்கங்களும்
முத்துச் சலாபம் முதல் துறைமுகச் சரக்கு வரை

ஏலம் என்னும் சொல்லைக் கேட்டவுடனே நம்மவரில் பலருக்கு முகம் சுருங்குவது இயல்பு. கடன் தவணை தவறிய வீட்டின் வாசலில் தண்டோராப் போட்டு, நிலத்தையும் பண்டபாத்திரங்களையும் கூவி விற்ற பழைய நாட்களின் நினைவே அதற்குக் காரணம் எனலாம். ஆயினும் ஏலமானது தன்னளவில் தீங்கானதன்று. இன்ன விலைதான் பெறும் என்று ஒருவராலும் திட்டமாகச் சொல்ல இயலாத பொருளுக்குப் பலர் முன்னிலையில் விலை காணும் முறையே ஏலம். பருத்தி விளைவிக்கும் அங்கத்தினர் தம் மூட்டைகளைச் சங்கத்தின் ஏலக் களத்திற்குக் கொண்டு வருகிறார். நெசவாளர் சங்கமோ, பழைய தறியையும் வாகனத்தையும் கழிவுப் பொருளையும் ஏலத்தில் விற்கிறது. சமயம் வாய்த்தால் பிறருடைய ஏலத்தில் நூலும் பஞ்சும் எடுக்கிறது. இங்ஙனம் விற்போராகவும் வாங்குவோராகவும் இரு பக்கமும் நிற்கும் நாம், ஏலத்தின் இலக்கணத்தை நன்கு அறிந்திருத்தல் அவசியமாகும்.

அதனை அறிவதற்குத் தூத்துக்குடியைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் வேறில்லை. அவ்வூரின் கடலில் பொதுச் சொத்தை ஏலமிடும் வழக்கம் நெடுங்காலம் நடந்துள்ளது. அவ்வூரின் துறைமுகத்தில் அது வேறொரு வடிவில் இன்றும் நடந்து வருகிறது. 25 ரூபாய்ப் பங்குகளைத் திரட்டிச் சுதேசிக் கப்பல் கம்பெனியை 1906-ஆம் ஆண்டில் நிறுவிய வ.உ. சிதம்பரனாரின் பெயரையே அத்துறைமுகம் தாங்கி நிற்பது, பங்குத்தொகை செலுத்திச் சங்கம் நடத்தும் நமக்குத் தனிப்பட்ட மகிழ்ச்சி தருவதாகும்.

சலாபத்தின் பங்கீடு

மன்னார் வளைகுடாவின் அடியில் முத்துச்சிப்பி படிந்து வளரும் பாறைத் திட்டுகளுக்குப் பார் என்று பெயர். தூத்துக்குடிக்கு எதிரே உள்ள தொள்ளாயிரம் பார் அவற்றுள் பெயர் பெற்றது. இப்பார்கள் அரசின் உடைமை. சிப்பி முதிர்ந்துள்ளது என்று சோதனையில் தெரிந்த ஆண்டுகளில் மட்டும் அரசு அறிவிப்புச் செய்து முத்துக்குளிப்பை நடத்தும். அதனையே சலாபம் என்பர். ஒரு சலாபத்திற்கும் அடுத்ததற்கும் இடையே பல ஆண்டுகள் கழிதலும் உண்டு. தூத்துக்குடியில் 1928-ஆம் ஆண்டுக்குப் பின் 27 ஆண்டுகள் கழித்து 1955-இல்தான் சலாபம் கூடிற்று. அது 1961 வரை தொடர்ந்தது. அதன் பின்னர் அங்குச் சலாபம் நடைபெறவில்லை.

பரதவரும், கீழக்கரை முதலிய ஊர்களின் முஸ்லிம் குளியாளரும் காலையில் தோணியேறிச் சென்று மூழ்கிச் சிப்பி எடுத்து, பிற்பகலில் கரை சேர்வர். அவர்களுக்குக் கூலி பணமாகத் தரப்படுவதில்லை. எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கே அவர்களுடைய ஊதியம். எஞ்சிய இரு பங்கு அரசுக்கு உரியது. இப்பங்கீட்டை இலங்கைக் கரையில் நடத்திய விதம் நம் கவனத்திற்குரியது. கொட்டு எனப்பட்ட வேலியிட்ட முற்றத்தில், தோணியில் வந்த சிப்பி முழுவதையும் குளியாளரே மூன்று குவியலாகப் பிரித்து வைப்பர். அவற்றுள் குளியாளருக்குரிய குவியல் எது என்பதை அதிகாரி சுட்டிக் காட்டுவார். பிரிப்பவர் ஒருவர், தேர்பவர் மற்றொருவர். குவியல்களில் ஒன்றைப் பெரிதாகவும் மற்றொன்றைச் சிறிதாகவும் வைத்தால், சிறியதே தம் தலையில் விழும் என்பதைக் குளியாளர் அறிவர்; ஆதலின் மூன்றையும் சமமாகவே வைப்பர். காவலும் சண்டையும் இன்றி நேர்மையை வருவித்த ஏற்பாடு இது. அண்ணன் தம்பி பாகப் பிரிவினை முதல் சங்கத்துச் சரக்குப் பங்கீடு வரை இதனை இன்றும் கையாளலாம்.

தம் பங்கைப் பெற்ற குளியாளர் கொட்டை விட்டு வெளிவந்தவுடனே, சிறு வாங்குவோர் அவர்களைச் சூழ்ந்துகொண்டு பத்தும் பன்னிரண்டுமாகச் சிப்பிகளை விலைக்குக் கேட்பது வழக்கம். மொத்த வியாபாரியின் விலையைக் காட்டிலும் இச்சில்லறை விலை உயர்ந்தே இருந்தது. கையில் பணம் குறைந்தவனுக்கும் முத்தாசை உண்டல்லவா? மொத்தமாக விற்பதா, சிறு கூறுகளாக்கி விற்பதா என்னும் கேள்வி, நம் சங்கங்கள் கழிவு விற்கும்போதும் எழுவதுதான். பெரிய வியாபாரி ஒருவர் மட்டுமே எடுக்கக்கூடிய அளவில் கூறு அமைந்தால் கேட்பவர் தொகை குறையும். சிறு கூறுகளானால் கேட்பவர் பெருகுவர். விற்பவருக்கு உழைப்பும் பெருகும். இரண்டையும் சீர்தூக்கிப் பார்த்தே முடிவு செய்தல் வேண்டும்.

மாலை நேர ஏலம்

அரசின் இரு பங்கும் அன்று மாலையே ஏலத்திற்கு வரும். ஆயிரம் சிப்பிக்கு இத்தனை ரூபாய் என்று கேட்பு நடக்கும். இலங்கைச் சலாபத்தில், உயர்ந்த விலை கேட்டவர் அவ்விலையில் தமக்கு எத்தனை ஆயிரம் தேவையோ அத்தனையும் எடுத்துக்கொள்ளலாம். மீதி மீண்டும் கூவப்படும். நகரத்தார் முதலிய பெருவணிகர் இவ்வேலங்களில் முதலிடம் வகித்தனர்.

எடுத்த சிப்பியை வியாபாரி உடனே உடைத்துப் பார்ப்பதில்லை. அதனைப் பல நாட்கள் அழுகவிட்டு, கடல்நீரில் பலமுறை கழுவி, அடியில் தங்கும் மணலையும் துகளையும் அரித்தெடுத்த பின்னரே முத்து வெளிப்படும். பின்னர், துளையின் அளவு படிப்படியாக வேறுபடும் பித்தளைச் சல்லடைகளில் இட்டுச் சலித்து, பருமனால் வகுத்து, உருவமும் ஒளியும் நோக்கி ஆணி முதல் தூள் வரை தரம் பிரிப்பர். ஆக, ஏலத்தில் பணம் கட்டிய நாளுக்கும் கையில் இலாபமோ நட்டமோ தெரியும் நாளுக்கும் இடையே வாரக்கணக்கில் இடைவெளி உண்டு. மூடிய சிப்பிக்கு விலை கூறுவது எளிய காரியமா?

இங்கேதான் அரசு ஒரு நல்ல முறையைக் கையாண்டது. சலாபத்திற்கு முன்னரே சில ஆயிரம் சிப்பிகளை மாதிரியாக எடுத்து, கழுவி, கிடைத்த முத்துகளை அனுபவமிக்க வியாபாரிகளைக் கொண்டு மதிப்பிட்டு, ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு பெறும் என்ற மதிப்பைப் பகிரங்கமாக வெளியிட்டது. விற்பவர் தம் சரக்கின் உண்மையை ஏன் முன்கூட்டியே வெளியிட வேண்டும் என்று சிலர் ஐயுறலாம். சரக்கைப் பற்றி ஒன்றும் தெரியாத வியாபாரி, தன் அச்சத்திற்கு ஈடாக விலையைக் குறைத்தே கேட்பான். உண்மை தெரிந்தால் அச்சம் தணியும். அச்சம் தணிந்தால் கேட்பு உயரும். ஏலத்தின் தத்துவத்தை ஆராய்ந்து 2020-ஆம் ஆண்டில் பொருளாதார நோபல் பரிசு பெற்ற பால் மில்கிரோம், ராபர்ட் வில்சன் ஆகிய இரு அமெரிக்கப் பேராசிரியர்களுள், மில்கிரோம் மற்றோர் அறிஞருடன் சேர்ந்து 1982-இல் வெளியிட்ட ஆய்வும் இக்கருத்தையே கணிதத்தால் நிறுவியது.

வென்றவர் ஏன் வருந்துகிறார்?

ஏலம் எடுப்போர் அறிந்துகொள்ள வேண்டிய தலையாய உண்மை ஒன்றுண்டு. அதனை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். ஐந்து வியாபாரிகள் ஒரே குவியலைப் பார்க்கின்றனர். ஆயிரம் சிப்பியில் உள்ள முத்து 20 ரூபாய் பெறும் என்கிறார் ஒருவர். மற்றவர்கள் முறையே 24, 28, 32, 36 என மதிக்கின்றனர். உண்மையான மதிப்பு நடுவிலுள்ள 28 என்றே வைத்துக்கொள்வோம். கூவல் தொடங்குகிறது. 20-இல் ஒருவர் விலகுவார்; 24-இல் மற்றொருவர்; 28-இல் சரியாக மதித்தவரும் விலகுவார். 32-க்குச் சற்று மேலே 36 என்று மதித்தவர் கையில் சரக்கு நிற்கும். அவருக்கு வெற்றி, ஆனால் ஆயிரத்திற்கு 4 ரூபாய்க்கு மேல் நட்டம். ஐம்பதாயிரம் சிப்பி எடுத்திருப்பின் 200 ரூபாய்க்கு மேல் போயிற்று.

அவர் மூடரல்லர். ஐவரும் சேர்ந்து பார்த்தால் அவர்களுடைய மதிப்பு சரியாகவே இருந்தது. எனினும் எவர் மிகையாக மதித்தாரோ அவரையே ஏலம் தேடிப் பிடிக்கிறது. மெக்ஸிகோ வளைகுடாவின் அடியிலுள்ள எண்ணெய் உரிமைகளை ஏலத்தில் எடுத்த அமெரிக்கக் கம்பெனிகளுக்கும் இதே கதி நேர்ந்ததை, அத்தொழிலைச் சார்ந்த மூன்று பொறியாளர்கள் 1971-ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையில் எடுத்துக்காட்டினர். எண்ணெயும் முத்தும் ஒன்றுதான்; இரண்டும் கண்ணுக்குத் தெரியாத கடலடிப் பொருள்கள். மூட்டைக்குள் இருக்கும் பஞ்சும், பெட்டிக்குள் இருக்கும் நூலும் பார்வையிடும் வரை அவ்வகையினவே. ஆதலின் ஏலத்திற்குச் செல்லுமுன், "போட்டியாளர் அனைவரும் விலகி நமக்கே இது கிடைத்தால், நாம் மதித்ததைவிடச் சரக்கு குறைவாகத்தான் இருக்கும்" என்று எண்ணி, மனத்திலுள்ள மதிப்பிலிருந்து ஒரு பகுதியைக் கழித்து உச்ச விலையை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ஏலக் களத்தின் உற்சாகத்தில் அவ்வெல்லையைத் தாண்டலாகாது.

பொருளை விற்பதா, உரிமையை விற்பதா?

சலாபத்தை நாள்தோறும் ஏலமிடாமல், கடலையே மொத்தமாகக் குத்தகைக்கு விடும் வழியையும் இலங்கை அரசு சோதித்துப் பார்த்தது. 1905-ஆம் ஆண்டில் மன்னாருக்குத் தெற்கேயுள்ள மறிச்சுக்கட்டியில் நடந்த சலாபம் வரலாறு காணாதது. அரசுக்கு ஏறத்தாழ 25 இலட்சம் ரூபாய் வருவாய் தந்தது. அதன் ஒளி கண்ணில் இருக்கும்போதே, 1906-இல் ஓர் ஆங்கிலக் கம்பெனி ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் வீதம் 20 ஆண்டுகளுக்கு முத்துப் பார்களைக் குத்தகை எடுத்தது. 1907-க்குப் பின்னர் பார்களில் சிப்பி அற்றுப்போயிற்று. சிப்பி இன்றியும் குத்தகைப் பணம் கட்ட வேண்டியிருந்த கம்பெனி, தவணைக் காலத்தை எட்டாமலே சில ஆண்டுகளில் முடிவெய்தியது.

இதில் விற்பவர் வென்றார், வாங்கியவர் தோற்றார் என்று மட்டும் கொள்வது போதாது. நாள்தோறும் ஏலமிட்டால், சிப்பி கிடைக்குமா கிடைக்காதா என்னும் ஐயத்தின் சுமை விற்பவர்மேல் இருக்கும். உரிமையை முன்கூட்டி விற்றால் அச்சுமை வாங்குபவர்மேல் செல்லும். நல்ல ஆண்டின் விளைவைக் கண்டு நீண்ட காலத்திற்கு விலை பேசுவதே ஆபத்து. மரத்திலுள்ள புளியையும், தோப்பிலுள்ள மாங்காயையும், ஏரி மீனையும் குத்தகை பேசும் நம் விவசாய அங்கத்தினர் இதனை மனத்தில் இருத்துவாராக.

துறைமுகத்தின் இன்றைய ஏலங்கள்

தூத்துக்குடி 1974-ஆம் ஆண்டில் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது, 2011-இல் வ.உ.சி.யின் பெயரைப் பெற்றது. சரக்குப் பெட்டிகளில் பஞ்சும் நூலும் இயந்திரங்களும் வந்திறங்கும் துறைமுகங்கள் அனைத்திலும் ஒரு தொல்லை உண்டு. இறக்குமதி செய்தவர் பணமின்மையாலோ வழக்காலோ, விலை வீழ்ச்சியாலோ சரக்கை எடுக்க வராமல் விட்டுவிடுவார். பெட்டி இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும். வாடகை ஏறிக்கொண்டே போகும்.

இதற்கு 1962-ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம் வழி வகுத்துள்ளது. அதன் 48-ஆம் பிரிவின்படி, இறங்கிய நாளிலிருந்து 30 நாட்களுக்குள்ளோ, அதிகாரி அனுமதித்த கூடுதல் காலத்திற்குள்ளோ எடுக்கப்படாத சரக்கை, இறக்குமதியாளருக்கு அறிவிப்புக் கொடுத்து, சுங்க அதிகாரியின் அனுமதி பெற்று, சரக்கைக் காவலில் வைத்திருப்பவர் விற்கலாம். அழுகும் பொருளும் உயிர்ப் பிராணிகளும் ஆபத்தான பொருளுமாயின் எப்போது வேண்டுமாயினும் விற்கலாம்.

விற்ற பணம் யாருக்குச் சேரும் என்பதை 150-ஆம் பிரிவு வரிசைப்படுத்துகிறது. முதலில் விற்பனைச் செலவு, அடுத்துக் கப்பல்காரருக்குரிய கட்டணம், அடுத்துச் சுங்கவரி, அதன்பின் காவலில் வைத்திருந்தவருக்குரிய வாடகை முதலியன, பின்னர் உரிமையாளர் இச்சட்டப்படி மத்திய அரசுக்குச் செலுத்த வேண்டிய பாக்கி. எஞ்சியது சரக்கின் உரிமையாளருக்கே உரியது.

கணக்கு விளங்கும் பொருட்டு ஓர் உதாரணம் அமைத்துக்கொள்வோம். ஒரு பெட்டி நூல் 10,00,000 ரூபாய்க்கு ஏலம் போயிற்று. விற்பனைச் செலவு 40,000, கப்பல் கட்டணம் 1,10,000, சுங்கவரி 1,00,000, காவல் வாடகை 2,60,000. ஆக 5,10,000 கழிந்து, 4,90,000 ரூபாய் உரிமையாளருக்கு மீதமாகும். அதே பெட்டி 5,00,000-க்கே போயிருந்தால், முதல் மூன்றுக்கும் 2,50,000 போக, வாடகைக்காரருக்கே 10,000 குறைபடும். உரிமையாளருக்கு ஒரு காசும் இல்லை. விலை குறைந்தால் முதலில் அடிபடுபவர் வரிசையின் கடைசியில் நிற்பவரே. நாள் கழியக் கழிய வாடகை வளர்வதால், தாமதமும் அவர் தலையிலேயே விடிகிறது.

சரக்கு கைவிட்டுப் போயிற்று என்று மனம் சோர்ந்து, மீதத்தைக் கேளாமலே இருந்துவிடுவது பெருந்தவறு. விற்ற நாளிலிருந்து ஆறு மாதத்திற்குள், அல்லது அதிகாரி நீட்டித்த காலத்திற்குள், உரிமையாளருக்குக் கொடுக்க இயலாத தொகை மத்திய அரசுக்குச் சென்றுவிடும். சங்கத்தின் பெயரில் வந்த சரக்கு எக்காரணத்தாலேனும் இந்நிலையை அடைந்தால், காரியதரிசி அறிவிப்புக் கடிதத்தை அலட்சியம் செய்யாது, கணக்கைக் கேட்டு எழுத்து மூலம் விண்ணப்பித்தல் கடமையாகும். அது அங்கத்தினர் அனைவருடைய பணம்.

சரக்கு மட்டுமன்றிக் கப்பலே ஏலத்திற்கு வருவதும் உண்டு. கடன் செலுத்தாத கப்பலை உயர்நீதிமன்றம் தடுத்து வைத்து விற்கலாம். 2018-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த 2017-ஆம் ஆண்டின் கடல்சார் வழக்குச் சட்டம், கப்பலின்மேல் முன்னுரிமை பெறும் உரிமைகளுள் மாலுமிகளின் ஊதியப் பாக்கியை முதலாவதாக வைக்கிறது. அடமானம் பிடித்த வங்கியும் அதற்குப் பின்னரே நிற்க வேண்டும். குளியாளரின் மூன்றில் ஒரு பங்கு, ஏலம் தொடங்குவதற்கு முன்னரே கொட்டில் பிரித்துக் கொடுக்கப்பட்டதை இங்கு நினைவுகூர்வோம். உழைத்தவன் பங்கு ஏல விலையின் ஏற்ற இறக்கத்திற்குக் காத்திராமல் முதலில் ஒதுக்கப்படுதல் வேண்டும் என்னும் நீதி, பழைய சலாபத்திலும் புதிய சட்டத்திலும் ஒன்றாகவே விளங்குகிறது.

ஏலம் எடுப்போருக்குச் சில குறிப்புகள்

இந்நாளில் பொதுச் சொத்தின் ஏலங்கள் பெரும்பாலும் கணினி வழியே நடைபெறுகின்றன. 1964-இல் தொடங்கப்பட்டு, கல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட எம்.எஸ்.டி.சி. என்னும் மத்திய அரசு நிறுவனத்தின் மின்னேலம் இவற்றுள் முக்கியமானது. ஊரிலிருந்தே கேட்பு செலுத்தலாம் என்பது வசதி. சரக்கைக் காணாமலே கேட்கும் சபலமும் அதிலேயே பிறக்கிறது.

முதலாவதாக, இவ்வேலங்களில் பொருள் கிடக்கும் இடத்தில், கிடக்கும் நிலையிலேயே விற்கப்படும். ஈரம் கண்டது, பூஞ்சணம் பிடித்தது, எடை குறைந்தது என்று பின்னர் முறையிட இடமில்லை. பார்வையிட ஒதுக்கிய நாட்களில் சங்கத்தின் சார்பில் விஷயம் தெரிந்த இருவர் நேரில் சென்று பார்த்துக் குறிப்பெழுதி வருதல் வேண்டும்.

இரண்டாவதாக, முன்வைப்புத் தொகையைப் பற்றிய விதியை வரிவரியாகப் படிக்க வேண்டும். ஏலம் எடுத்தபின் தவணைக்குள் முழுப் பணம் கட்டாவிடில் அத்தொகை பறிபோகும். செயற்குழுவின் தீர்மானமும் வங்கியிலுள்ள பணமும் கைவசம் இல்லாமல் கேட்பு செலுத்துவது வீண் வம்பாகும்.

மூன்றாவதாக, கேட்ட விலையே முழு விலை என்று மயங்கலாகாது. வரிகள், ஏற்றுக்கூலி, லாரி வாடகை, தவணைக்குள் சரக்கை எடுக்காவிடில் ஏறும் தரை வாடகை ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்து, ஊரில் அச்சரக்கு விற்கும் விலையோடு ஒப்பிட வேண்டும். ஒப்பிட்டபின் மிச்சம் இல்லையேல், ஏலத்தில் மலிவு என்பது வெறும் தோற்றமே.

விற்கும் சங்கத்தின் கடமை

இனி விற்கும் பக்கத்தைப் பார்ப்போம். திருச்செங்கோடு முதலிய ஊர்களில் கூட்டுறவு விற்பனைச் சங்கங்கள் நடத்தும் பருத்தி, மஞ்சள் ஏலங்களை நம் அங்கத்தினர் நன்கறிவர். ஏலத்திற்குப் பெரும்பகை வாங்குவோரின் இரகசியக் கூட்டு. வியாபாரிகள் ஐந்தாறு பேர் முன்கூட்டியே பேசிக்கொண்டு, ஒருவர் கேட்க மற்றவர் மௌனம் சாதித்தால், மேளதாளத்தோடு நடக்கும் ஏலமும் ஒருவரிடம் இரகசியமாக விற்றதற்கே சமானம்.

இதனை எதிர்ப்பதற்கு வழிகள் உள. வெளிப்படையான கூவலில், கூட்டை மீறி எவன் கேட்கிறான் என்பது மற்றவர்க்கு உடனே தெரிந்துவிடும். ஆதலின் கூட்டு உடையாது. ஒவ்வொருவரும் தம் விலையைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் இடும் மறைமுக ஏலத்தில், கூட்டை மீறுபவனைச் சீட்டு திறக்கும் வரை எவரும் அறியார். ஆசை ஒருவனையேனும் மீறச் செய்யும். வாங்குவோர் சிலரே உள்ள இடங்களில் மறைமுக ஏலம் விரும்பத்தக்கது. சரக்கின் குணம் தெரியாமல் பலரும் தயங்கும் இடத்திலோ, ஒருவர் கேட்பதைக் கண்டு மற்றவர் துணிவு பெறும் வெளிப்படைக் கூவலே நல்ல விலை தரும்.

வெளியூர் வியாபாரிகளுக்கு அறிவிப்பு சென்று சேர்தல் வேண்டும். ஒரு புதிய வியாபாரியின் வருகை, பத்து நாள் பேரத்தைவிட அதிகப் பயன் தரும். 2016-இல் தொடங்கப்பட்ட தேசிய வேளாண் மின்சந்தையின் நோக்கமும், கேட்பவர் வட்டத்தை ஊரெல்லைக்கு அப்பால் விரிவாக்குவதே. குறைந்தபட்ச விலையை நிர்ணயிக்கும்போது, அதற்குக் கீழ் விற்பதில்லை என்னும் உறுதியும், விற்காத சரக்கை வைத்திருக்கக் கிடங்கும், அதுவரை அங்கத்தினர் செலவுக்கு ஈட்டுக்கடனும் இருத்தல் வேண்டும். இம்மூன்றும் இல்லாத குறைந்தபட்ச விலை, கரும்பலகையில் எழுதிய எழுத்தாகவே நிற்கும். அன்றே விற்றாக வேண்டிய நிலையில் வரும் விவசாயியின் முகத்தைப் பார்த்தே வியாபாரி விலையைச் சொல்லிவிடுகிறான்.

மேலும், சரக்கின் தரத்தை மறைத்தலாகாது. மேல் மூட்டையில் நல்ல பருத்தியும் அடி மூட்டையில் ஈரப் பருத்தியும் வைத்தால், ஒரு வாரம் ஏமாறும் வியாபாரி அடுத்த வாரம் எல்லா மூட்டைக்கும் சேர்த்து விலையைக் குறைத்துவிடுவான். அப்பொழுது நேர்மையாகக் கொண்டுவந்த அங்கத்தினரே தண்டனை அடைவார். மாதிரிச் சிப்பியின் மதிப்பைப் பறைசாற்றிய பழைய சலாபத்தைப் போல, நம் சங்கங்களும் தரம் பிரித்து, ஈரம் அளந்து, அக்கணக்கைக் களத்தில் ஒட்டி வைத்தால் கேட்பு தானே உயரும்.

முடிவாக

தூத்துக்குடியில் சலாபம் ஓய்ந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. அவ்வூர்க் கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தில் 1973-ஆம் ஆண்டில் முனைவர் கே. அழகர்சாமி அவர்கள், சிப்பியில் கருவிட்டு உருண்டை முத்து வளர்த்துக் காட்டினார். முத்துக்குக் கடலின் தயவை மட்டுமே எதிர்நோக்கியிருந்த காலம் இங்ஙனம் மாறியது. ஆனால் சலாபம் கற்பித்த பாடங்கள் மாறவில்லை. பங்கீடு எல்லாரும் காணும் இடத்தில் நடைபெறுக. உழைத்தவன் பங்கு முதலில் ஒதுக்கப்படுக. சரக்கின் உண்மை முன்கூட்டியே வெளியிடப்படுக. கேட்பவர் தம் எல்லையை எழுதி வைத்துக்கொண்டு கேட்பாராக.

அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில் ஒவ்வோர் அங்கத்தினரும் தம் சங்கத்தை நோக்கிச் சில கேள்விகள் கேட்க வேண்டுகிறோம். கடந்த ஆண்டு நாம் நடத்திய ஏலங்களில் ஒவ்வொன்றிற்கும் எத்தனை பேர் கேட்டனர்? அறிவிப்பு எத்தனை நாட்களுக்கு முன் சென்றது? நாம் ஏலத்தில் எடுத்த பொருளுக்கு எல்லாச் செலவும் சேர்த்து என்ன அடக்கமாயிற்று? இவற்றுக்குக் கணக்குப் புத்தகத்திலிருந்து விடை சொல்லக்கூடிய சங்கம் எந்த ஏலத்திற்கும் அஞ்ச வேண்டியதில்லை.